கோடுதானே

பளிச் அண்ணனைக் கெட்டவர் என்று எங்கள் சந்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். குடிக்கிறவர், கை நீட்டுகிறவர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவர் காலையில் எழுந்து தானே டீ போட்டு, மனைவிக்கும் ஒரு தம்ளர் மூடி வைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார். இப்படிப்பட்ட மனுஷன்மேல் எப்படிக் கோபப்படுவது என்று கேட்பார்கள். நான் படுகிறேன். இன்றைக்கும் படுகிறேன்.

அவர்களுடையது சலவைக்கடை. கீழ்த்தளத்தில் முன்பக்கம் துணி வாங்கி வைக்கும் தட்டுகள், நடுவில் ஆளையே படுக்கவைக்கலாம் போன்ற இஸ்திரி மேசை, அதற்குப் பின்னால் துவைக்கிற மெஷின் இரண்டு, பிழிகிற மெஷின் ஒன்று. ஓரமாக ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் குடும்பம்: ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை. மாடியில் நான் குடியிருக்கிறேன். கீழே ஆவி கிளம்பினால் என் சுவருக்கு வியர்க்கும். சோப்பு, கஞ்சி, சூடான பருத்தி, எல்லா வாசனையும் கலந்துதான் எனக்குப் பொழுது விடியும்.

அவருக்குப் பளிச் என்று பேர் வந்தது அவர் வாயால்தான். துருக்கறையோ மைக்கறையோ, எதைக் கொண்டுபோனாலும் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "போங்க, பளிச்சுன்னு ஆயிரும்" என்பார். ஆக்கியும் கொடுப்பார். அந்தக் கை ராசியான கைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஒருமுறை என் வீட்டுக்குக் குழாய் சரிபார்க்க வந்தவர், திரைச்சீலையில் ஒரு சொட்டுக் குழம்பைப் பார்த்துவிட்டு, குழாயை விட்டுவிட்டுத் திரையைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டு நாள் எதிர்வீட்டுக்காரர் கண்ணெதிரே குடித்தனம் நடத்தினேன்.

அவர் மனைவிதான் அக்கா. எனக்கு உறவில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்கா ஆகிவிட்டாள். துவைப்பது அவர், இஸ்திரி முழுக்க அக்கா, மடித்து அடுக்குவது அவருடைய மூத்த சகோதரி, அக்காவுக்கு நாத்தனார். புருஷன் போனபிறகு தம்பியோடு வந்து தங்கிவிட்டவர். அக்காவின் வலது முன்கையில் பழைய தழும்புக்கு மேல் புதுத் தழும்பாக வரி வரியாக இருக்கும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை அந்த மேசையை விட்டு நகர முடியாது. நடுவில் சோறு வடிக்கிறதும் அவள்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும் கதை வேறு. சாப்பாட்டுக்குப் பிறகு கடையைப் பாதி சாத்துவார்கள். அக்கா உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் கடை திறக்கும்வரை மூன்று மணி நேரம் அவளுடையது. தரையில் உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைப்பாள்.

துணித் துண்டுகளை வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு போர்வை அகலத்துக்கு மேல்துணி ஆக்கவேண்டும். அதற்குக் கீழே பஞ்சை மெல்லிசாகப் பரப்பி, அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றும் நகராமல் இருக்கப் பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொள்ளவேண்டும். பிறகுதான் நிஜமான வேலை. மேலே சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுமேலேயே பொடித் தையலாக மூன்று துணியையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு போகவேண்டும். ஒரு போர்வை முடிய வருஷம் ஆகும். நான் பல் டாக்டர் ஒருவரிடம் சீட்டுக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன், சனிக்கிழமை அரை நாள்தான். சில வாரம் என்னையும் உள்ளே விடுவாள். "பேசாம இருக்கிறதுன்னா வா. பேசணும்னா ஊசி கோத்துக் குடுத்துக்கிட்டே பேசு" என்பாள்.

"எதுக்குக்கா இவ்வளவு பாடு?" என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"வாரம் பூரா என் கையில துணிதான். ஒண்ணாவது இங்க தங்குதா? வருது, வெளுக்குது, மடிஞ்சு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருது. போகாத துணி ஒண்ணு என் கையில இருக்கட்டுமேன்னு பாத்தேன். அவ்வளவுதான், வேற பெரிய காரணமெல்லாம் இல்ல."

இந்த மூன்று மணி நேரம் அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆரம்பத்தில் வாராவாரம் கதவு தட்டுவார்கள். ஊசி எங்கே, உப்பு எங்கே, ஒரே ஒரு சட்டை, ஒரே ஒரு நிமிஷம். அக்கா பதிலே சொல்லமாட்டாள். தட்டித் தட்டிக் கை ஓய்ந்து விட்டுவிட்டார்கள். ஆனால் வாய் ஓயவில்லை. "வித்தா நல்ல விலை போகும்மா" என்பார் நாத்தனார். "விக்கிறதுக்கு இல்ல அண்ணி." "அப்ப யாருக்குத் தைக்கிற?" "யாருக்கும் இல்ல அண்ணி." நாத்தனாருக்கு இது புரியவே இல்லை. யாருக்கும் இல்லாத வேலையை ஒரு பொம்பளை செய்வாள் என்பது அவருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

அப்போதுதான் பெரிய தெருவில் லாட்ஜ் திறந்தார்கள். லாட்ஜ் மேனேஜர் ஒருநாள் கடைக்கு வந்தார். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன், காதால் கேட்டேன்.

"சனிக்கிழமை ராத்திரிதான் எங்களுக்குக் கூட்டம். மத்தியானம் விரிப்பு, உறை எல்லாம் கொண்டுவந்து போடுவோம். பொழுது சாயறதுக்குள்ள இஸ்திரி போட்டு வேணும். முடியுமா?"

"அதுக்கென்ன சார், போடலாம். சனிக்கிழமை மத்தியானம் அவ சும்மாதான் இருப்பா."

சும்மாதான் இருப்பா. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடும்போது சொன்னார், குழம்பு ஊற்றச் சொல்வதைப்போல. அன்று மத்தியானம் சாப்பிட வந்து மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கே எல்லாம் கேட்டது.

"யாரக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க?"

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? மாசாமாசம் காசு வர்ற வேலை. உனக்கும் சேத்துத்தானே?"

"எனக்கும் சேத்துன்னா என்னையும் சேத்துக் கேட்டிருக்கணும். சனிக்கிழமை மத்தியானம் முடியாது. வேற நேரம் கொண்டுவரச் சொல்லுங்க."

"அவங்க நேரத்துக்குத்தான் நாம போகணும். தைக்கிறது ஓடியா போகுது? ராத்திரி தைச்சுக்கோ."

"ராத்திரி எனக்குக் கை எழும்புதான்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

"ஏம்மா," இது நாத்தனார், "குடும்பம்னா நாலும் விட்டுக் குடுத்துத்தான் போகணும்."

"நாலையும் நானே விட்டாச்சு அண்ணி. இது அஞ்சாவது. இதை விடமாட்டேன்."

அதோடு பேச்சு நின்றது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அந்த வாரம் முழுக்க வீடு அசையாமல் இருவரையும் தின்றுகொண்டிருந்தது. அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு துவைத்தார், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இஸ்திரி போட்டாள். போதாததற்கு அக்காவுக்குக் கடைவாய்ப் பல்வலி வேறு. கன்னம் வீங்கி, ஒரு கண் சின்னதாகிவிட்டது. நான்தான் இழுத்துக்கொண்டு எங்கள் டாக்டரிடம் போனேன். பல்லைப் பிடுங்கி, குழியில் பஞ்சை வைத்து, "நல்லாக் கடிச்சுக்குங்க, கொஞ்ச நேரம் பேசக் கூடாது" என்று அனுப்பினார்.

திரும்பி வந்தால் கடை வாசலில் பளிச் அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு. 

"வா வா. வலி தேவலையா? உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன். கோவத்துல இருக்கேல்ல, பாத்தா போயிரும்."

உள்ளே கூட்டிப்போனார். மெஷினுக்குப் பின்னால் கொடியில் அக்காவின் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அந்தப் போர்வையை நான் முந்தின சனிக்கிழமை பார்த்திருக்கிறேன். துண்டு சேர்த்தாயிற்று, பஞ்சு பரப்பியாயிற்று, பெரிய தையல் ஓட்டியாயிற்று. நீலச் சாக்பீஸில் கோடும் போட்டு முடித்திருந்தாள். நேர்கோடு இல்லை. குளத்தில் கல் போட்டால் விரியுமே, அப்படி ஒரு மூலையில் தொடங்கி வளையம் வளையமாகப் போர்வை முழுக்க விரிகிற கோடு. அளவுகோல் கிடையாது. ஒரு வளையத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்று பார்ப்பாள், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவாள். அதற்கே எத்தனையோ சனிக்கிழமை போயிருந்தது. "இனிமே ஊசியை எடுக்க வேண்டியதுதான்" என்று அன்றைக்குச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

"பெட்டிமேல இருந்துச்சு. பூரா நீலக் கறை," என்றார் பளிச் அண்ணன். "எங்க ஒட்டுச்சோ தெரியல, நீயும் கவனிக்கல. சோடாவுல ஊறவச்சு, சுடுதண்ணியில ரெண்டு ஓட்டு ஓட்டி எடுத்தேன். பஞ்சு கொஞ்சம் கீழ எறங்கியிருக்கு, உதறினா சரியாயிரும். ஆனா கறையப் பாரு. ஒரு புள்ளி இருக்கா? பளிச்!"

கறையாம். உலகத்தில் வேறு எவனாக இருந்தாலும் அதைக் கோடு என்று பார்த்திருப்பான். பூப்போட்டிருக்கிறது என்றாவது நினைத்திருப்பான். சலவைக்காரன் கண்ணுக்குத்தான் அது கறை. எட்டு வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் என்ன செய்கிறாள் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், எட்டிப் பார்த்திருந்தால் போதும். பெருமையாக வேறு நின்றுகொண்டிருந்தார். எனக்கு அங்கேயே ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவர் தலையில் கொட்டலாம் போலிருந்தது.

அக்கா போர்வையைத் தொட்டாள். பஞ்சு கொஞ்சமாக இறங்கவில்லை. மேலே வெறும் இரண்டு துணி ஒட்டிக்கொண்டிருந்தது, கீழ் ஓரத்தில் பஞ்சு முழுக்கச் சுருண்டு கட்டி கட்டியாகத் தொங்கியது. சிவப்புத் துண்டுகள் பக்கத்து வெள்ளையில் சாயம் விட்டிருந்தன. அவள் ஒரு கட்டியை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு வாயிலிருந்த பஞ்சை எடுத்து வீசினாள். அதில் ரத்தம் இருந்தது.

"அக்கா, டாக்டர் பேசக் கூடாதுன்னு..."

"அது கறை இல்ல," என்றாள்.

"என்ன?"

"கறை இல்ல. நான் போட்ட கோடு."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "கோடா? சரி, தெரியாமப் போச்சு. கோடுதானே, திரும்பப் போட்டுக்கலாம். இதுக்குப் போயி..."

"கோடுதானே." அக்கா அதைத் திருப்பிச் சொன்னாள். வாய் கோணி, எச்சிலோடு ரத்தம் இறங்க, சத்தமில்லாமல்தான் சொன்னாள். சத்தம் அதற்குப் பிறகு வந்தது.

"கோடு இருந்தாத்தான் தையல். தையல் இருந்தாத்தான் பஞ்சு நின்ன எடத்துல நிக்கும். இல்லேன்னா பாருங்க, நல்லாப் பாருங்க, எல்லாம் ஒரு மூலைக்குப் போயி இப்படித்தான் கட்டி கட்டியாத் தொங்கும். என் வாரமும் இதுதான். நடுவுல அந்த ஒரு தையலை நான் விட்டேன்னா, நான் பூராவும் உங்க மெஷினுக்கும் மேசைக்கும் போயிச் சேந்துருவேன். உங்களுக்கு அது சும்மா. ஊரான்கிட்ட சொல்றீங்க, அவ சும்மாதான் இருக்கான்னு. கட்டின மனுஷனுக்கு நான் என்ன செய்றேன்னு தெரியல, கறைன்னு வெளுத்து வச்சிருக்கீங்க!"

"நல்லது நெனச்சுத்தான்டீ பண்ணேன்!"

"அதான் எனக்கு ஆத்தாமை. கெட்டது நெனச்சுக் கிழிச்சுப் போட்டிருந்தீங்கன்னா அது என்னுதுன்னு தெரிஞ்சு கிழிச்ச மாதிரியாவது இருந்திருக்கும்."

நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்தார். "பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு, அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? அவன் வேணும்னேவா செஞ்சான்? எங்க காலத்துல இப்படி ஒரு கதவச் சாத்திக்கிட்டு உக்கார யாரு விட்டா?"

"யாரும் விடமாட்டாங்க அண்ணி. நாமளேதான் சாத்தணும்."

 அக்கா போர்வையைக் கொடியிலிருந்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அது தண்ணீரும் பஞ்சுமாகப் பிணக்கனம் கனத்தது. நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். விடு என்று தலையை ஆட்டிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. காலையெல்லாம் தூறல், அதனால் கடைக்குள் ஈரத்துணி வாசனை மண்டிக் கிடந்தது. நான் வேலை முடிந்து வருகிறபோது லாட்ஜ் வண்டி வாசலில் நின்றது. மேனேஜரே முதல்நாள் என்று வந்திருந்தார். வெள்ளை விரிப்புகள் மூட்டை மூட்டையாக இறங்கின. நாத்தனார் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பளிச் அண்ணன் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மேசைமேல் அந்தப் போர்வை மூலைக்கு மூலை விரிந்து கிடந்தது. அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலால் ஓரத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வந்திருச்சு," என்றார் அவர் மெதுவாக.

"தெரியுது."

"மேசை வேணுமே."

"இன்னைக்கு மேசை எனக்கு. அறைக்குள்ள உக்காந்தா உங்க யாருக்கும் கண்ணு தெரியமாட்டேங்குது. அதான் இங்க வந்துட்டேன்."

"சரி, கோவம் நியாயம்தான். இன்னைக்கு ஒரு நாள்..."

"உக்காருங்க." பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளினாள். பிரித்த இடத்தில் கையை விட்டு, எலுமிச்சம்பழம் அளவு பஞ்சுக் கட்டி ஒன்றை எடுத்து அவர்முன் வைத்தாள். "இறுகிப் போச்சு. பிச்சா அறுந்துரும். இழை இழையாப் பிரிச்சு, பழையபடி மெல்லிசாக்கிக் குடுங்க. கறை எடுக்கிற கைதானே."

அவர் வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். நாத்தனார் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். விறுவிறு என்று அறைக்குள் போனார். கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. உள்ளே என்ன செய்தார் என்று தெரியாது. தூங்கியிருக்கலாம்.

மேனேஜர் வெளியே குடையை மடக்கி விரித்து, டீ குடித்து, யாரோடோ போனில் பேசி, பொறுத்துப் பார்த்தார். உள்ளே பளிச் அண்ணன் குனிந்தபடி பஞ்சோடு போராடிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டால் அறுந்தது. அறுந்ததை அக்கா திரும்ப அவரிடமே தள்ளினாள். ஒரு கட்டி பிரிந்து உள்ளங்கை அகலத்துக்கு ஆவதற்குள் அவர் நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. வாசலில் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது.

"இவ்வளவுதானா ஆச்சு?" என்றார், அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டே.

"இவ்வளவுதான் ஆகும்," என்றாள் அக்கா. "மூணு மணி நேரம்னா இவ்வளவுதான். இதுக்குத்தான் எட்டு வருஷமா உங்க எல்லாரோடயும் மல்லுக்கட்டுறேன்."

 அதற்குள் மேனேஜர் பொறுமை போய் உள்ளே வந்துவிட்டார். "என்னங்க இது? முதல் நாளே இப்படியா? அம்மா சும்மாதான் இருப்பாங்கன்னீங்களே!"

பளிச் அண்ணன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்குங்க சார். சனிக்கிழமை மத்தியானம் முடியாது. காலையில போட்டீங்கன்னா குடுத்துரலாம். மத்தியானம் அவளுக்கு வேற வேலை இருக்கு."

பரவாயில்லை, இந்த மட்டுக்காவது சொன்னாரே என்று நான்கூட மூச்சு விட்டேன். அக்கா கத்தரிக்கோலை மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

"வேலைன்னு சொல்லாதீங்க."

"பின்ன?"

"வேலைன்னாத்தான் உங்களுக்கு மரியாதை. அப்புறம் அதை எவ்வளவுக்கு விக்கலாம்னு அவரே கேப்பாரு. எனக்கு எட்டு வேலை இருக்கு, ஒம்பதாவது வேண்டாம். இது வேலை இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு, செய்றேன். அதச் சொல்லுங்க."

அவருக்கு அது வாயில் வரவில்லை. துருவையும் ரத்தத்தையும் எடுக்கிற மனுஷன், கையில் பஞ்சோடு நின்று விழித்தார். மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மழை கொஞ்சம் வலுத்தது.

"அவளுக்கு," என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, அவளைப் பார்க்காமல், அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவளுக்குத் தைக்கப் பிடிக்கும் சார். சனிக்கிழமை மத்தியானம் தைப்பா. அதனால கடை கிடையாது."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்காகவா?" என்று சிரித்தார். கூட இவரும் சிரித்துச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்திருப்பார்போல. பளிச் அண்ணன் சிரிக்கவில்லை. மேனேஜர் வெளியே போனார். மூட்டைகள் ஒவ்வொன்றாக வண்டிக்குத் திரும்ப ஏறின. காலையில் கொண்டுவருவாரா, அடுத்த கடைக்குப் போவாரா, யாருக்குத் தெரியும்.

வண்டி போகிறவரை வாசலில் நின்றவர், ஈரத்தலையோடு உள்ளே வந்தார். வேலைதான் முடிந்துவிட்டதே என்று ஸ்டூலை ஓரமாக எடுத்துவைக்கக் குனிந்தார்.

அக்கா போர்வைக்குள் கையை விட்டு இன்னொரு கட்டியை எடுத்து நீட்டினாள்.

"உக்காருங்க," என்றாள். "இன்னும் நெறைய இருக்கு."